சாமிக்காக அடைத்த காற்றுக் குழாய்

1. மூடச் சொன்னவள்

பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்குகிற ஓட்டையைச் சிமெண்டு போட்டு மூடித் தரவேண்டும் என்று ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். குழாய் வேலையில் கோணங்கித்தனமான கோரிக்கைகளுக்குக் குறைவே இல்லை. வாஸ்து சரியில்லை, டாய்லெட்டை வேறு திசைக்குத் திருப்பி வையுங்கள் என்றவர் உண்டு. சம்பந்தி வீட்டார் வந்து போகும்வரை ஒழுகாமல் இருந்தால் போதும், பிறகு எப்படியோ போகட்டும் என்றவரும் உண்டு. தண்ணீர் போகிற வழியையே மூடச் சொன்னவள் இவள் ஒருத்திதான்.

"மூடிட்டா குளிக்கிற தண்ணி எங்க போவும்?" என்று கேட்டேன்.

"நான் வெளிய தகரம் அடிச்சுக் குளிச்சுக்கிறேன்க்கா. சனிக்கிழமைக்குள்ள இந்த நாத்தம் நிக்கணும். இல்லன்னா என் வீட்டுக்காரர ஹோமுக்குக் கொண்டு போயிடுவாங்க."

அழுது முடித்தவளின் குரல் அது. மறுநாள் வெள்ளிக்கிழமை. வேறு இரண்டு வீடுகளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். அவர்களை ஒத்திப்போட்டுவிட்டு, காடி என்று நாங்கள் சொல்கிற காரை எடுத்தேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் தனம். சிலிம் ரிவர் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கேயின் ஹார்டுவேர் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். எல்போ, டீ, சாக்கெட் என்று எதை எதோடு சேர்த்தால் ஒழுகாது என்பதை வாங்க வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே படித்துக்கொண்டேன். ஒருநாள் வரவேண்டிய பிளம்பர் வரவில்லை. உன்னால் முடியுமா என்று தவுக்கே கேட்டார். முடியும் என்றேன். முடியாது என்றிருந்தால் இன்றைக்கும் ஆணியை எடைபோட்டுக்கொண்டிருப்பேன். அன்றைக்குப் போன வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, ஆம்பளை யாரும் வரவில்லையா என்றார். ஆம்பளை வந்தால்தான் தண்ணீர் இறங்குமா என்று நான் கேட்டேன். அந்தப் பதில் ஊரெல்லாம் சுற்றி, பைப் தனம் என்ற பெயரோடு என்னிடமே திரும்பி வந்தது. இப்போது எனக்கு முட்டி போய்விட்டது. வாய் போகவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

2. கட்டில்

சிம்பாங் பூலாயைத் தாண்டி உள்ளே போனால் அந்த வரிசை வீடுகள். அங்கிருந்த ரப்பர் தோட்டத்தை விற்றபோது பழைய தொழிலாளர்களுக்குக் கொடுத்தது. வரிசையின் கடைசி மூலையில், எனக்குப் போன் செய்த சரோஜாவின் வீடு. அதன் பின்னால் ஒரு லோங்காங் ஓடுகிறது, கழிவுத் தண்ணீர் போகிற சிமெண்டு வாய்க்கால். அதற்கு அந்தப் பக்கம் மாரியம்மன் கோயில். தோட்டத்துக்குள் இருந்த அம்மனை வீடு கொடுத்தபோதே இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

சரோஜா தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டி, பிறகு கையுறை ஃபேக்டரிக்குப் போய் ஓய்ந்தவள். அவள் கணவர் வேலுச்சாமி அண்ணன் அந்தக் கோயிலுக்கு எல்லாமுமாக இருந்தவர். பந்தல் போடுவது, விளக்குச் சரம் கட்டுவது, தேர் இழுக்க ஆள் சேர்ப்பது எல்லாம் அவர்தான். போன வருடத் திருவிழா முடிந்த கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்திருந்தாள்.

நான் வாசல்படி ஏறும்போதே வாடை முகத்தில் அடித்தது. ஆனால் அந்த வீட்டைப் பார்த்தால் யாரும் அசுத்தம் என்று சொல்ல முடியாது. தேய்த்துத் தேய்த்துத் தரையின் நிறமே வெளுத்துவிட்டிருந்தது. பினாயில் ஒரு பக்கம், கற்பூரம் ஒரு பக்கம். கொடியில் போர்வைகளாகத் தொங்கின. அக்கம்பக்கத்தார் இப்போதெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்றே நலம் விசாரித்துவிட்டுப் போகிறார்கள் என்றாள். கோலாலம்பூரிலிருந்து வந்த மகள் கவிதாவும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அப்பாவிடம் உட்கார்ந்தாளாம். அம்மா, உன்னால் இனி அவரைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாது, ஈப்போவில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ஒரு ஹோமில் சொல்லி வைத்துவிட்டேன், சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். கெட்ட பிள்ளை இல்லை. அவளும் அழுதுகொண்டேதான் சொன்னாள்.

"சாப்பாடும் எறங்கலக்கா. ரெண்டு கரண்டிக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. போற நேரம் வந்துருச்சோ என்னமோ," என்றாள் சரோஜா.

வேலுச்சாமி அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. பேச்சுப் போனவனுக்குக் காதும் போய்விட்டது என்று நினைப்பது நம் ஆட்களின் பழக்கம். அவர் போர்வையை எடுத்து முகர்ந்தேன். சோப்பு வாசம். அவர் கையை எடுத்து முகர்ந்தேன். அதிலும் சோப்பு வாசம்தான்.

"அண்ணே, ஒங்ககிட்ட ஒரு நாத்தமும் இல்ல," என்று அவர் முகத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

3. களக், களக்

நாற்றம் என்று கூப்பிட்டால் முதலில் டார்ச்சைப் புளோர் டிராப்புக்குள் அடியுங்கள். தரையில் சல்லடை மூடி போட்டிருக்குமே, அதுதான் புளோர் டிராப். அதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் கதவு. கீழேயிருந்து வருகிற கெட்ட காற்றை அது வீட்டுக்குள் விடாது.

சரோஜா வீட்டு டிராப்பில் கதவே இல்லை. அடியில் ஈரம் மட்டும் மினுங்கியது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். வாடை அடங்கியது. ஊற்றினால் நிற்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்துவிடும் என்று சரோஜாவே சொன்னாள். டார்ச்சை அவளிடம் கொடுத்து, உள்ளே பார்த்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு டாய்லெட்டை ஃப்ளஷ் செய்தேன். களக், களக் என்று சத்தம் போட்டுக்கொண்டு டிராப்பில் நின்ற தண்ணீர் முழுவதையும் குழாய் உள்ளே இழுத்துக்கொண்டது. வாடை எழுந்தது.

இதற்குக் காரணம் ஒன்றுதான். பால் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்துப் பாருங்கள், பால் முக்கி முக்கி வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போய்ப் பால் ஒழுங்காக இறங்கும். வீட்டுக் கழிவுக் குழாய்க்கு அந்த இரண்டாவது ஓட்டைதான் வெண்ட் பைப். பின்சுவரில் மேலே ஏறிப் போகிற காற்றுக் குழாய். அது அடைபட்டால், ஃப்ளஷ் தண்ணீர் வேகமாக ஓடும்போது குழாய் காற்றுக்குத் தவித்து, கிடைக்கிற இடத்திலிருந்து இழுக்கும். டிராப்பில் இருக்கிற தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிவிடும்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வீடு கட்டிய காண்டிராக்டர் கஞ்சன். குழாய் கூரைக்கு மேலே போக வேண்டியது, கூரை விளிம்புக்குக் கீழேயே நின்றுவிட்டது. அதன் வாயில் பி.வி.சி. மூடி, மூடிக்கு மேலே சிமெண்டுப் பூச்சு. அந்தச் சிமெண்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டும் வைத்திருந்தது. வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் பொட்டு வைத்த வெண்ட் பைப் பார்த்ததில்லை.

"இது யார் பண்ண வேல?"

"அவருதான்க்கா," என்றாள் சரோஜா. போன வருடத் திருவிழாவுக்கு முன்னால், இந்தக் குழாயின் வாடை கர்ப்பக்கிரகம் வரைக்கும் வருகிறது என்று கோயில் தலைவர் குறைப்பட்டாராம். அம்மனுக்கு அசுத்தக் காற்று படலாமா என்று வேலுச்சாமி அண்ணன் விரதம் இருந்து, குளித்து, ஏணி வைத்து ஏறி, நேர்த்திக்கடன் மாதிரி தன் கையாலேயே அடைத்துவிட்டார். "அது சும்மா காத்துக் குழாய்தானேக்கா. தண்ணி போற குழாயா?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் நடமாடிக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் வாளி வாளியாக ஊற்றிக் குளித்தார்கள், டிராப் காலியானாலும் உடனே நிரம்பியது. அவர் படுத்தபிறகு ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. ஆனால் பெட்பேனைக் கொட்டி ஃப்ளஷ் செய்வது நாள் முழுக்க நடக்கிறது. டிராப்பில் தண்ணீர் எங்கே நிற்கும்? நோயாளி படுத்தான், நாற்றம் வந்தது, ஆகவே நாற்றம் நோயாளியுடையது என்று ஊரே கணக்குப் போட்டுவிட்டது.

ஏணியை எடுக்கத் திரும்பினேன். சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாமி காரியம், தலைவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றாள். போன் செய்தாள். தலைவர் முத்தையா லாரிகள் வைத்து ஓட்டியவர், பேசினாலும் ஹாரன் அடிக்கிற மாதிரிதான். திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டது, இப்போது அதைத் தொட்டால் சாமி குத்தம் என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. சரோஜா போனை வைத்துவிட்டு, தரை ஓட்டையை மட்டும் மூடிவிடுங்களேன் என்று மறுபடி கெஞ்சினாள்.

"ஒரு வழிய அடைச்சதுதான் இந்தக் கேடு. நான் இன்னொன்ன அடைக்க மாட்டேன்," என்றேன். "நாளைக்குக் காலைல வாரேன். ஒம் மக வரட்டும்."

4. சாம்பிராணி

குழாயில் காற்று எங்கே போகிறது என்பதைக் கண்ணால் காட்ட வேண்டுமென்றால் புகை விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கென்று புகைக்குச்சி விற்கிறது. நான் என் வழக்கப்படி சாம்பிராணிதான் போடுவேன். புகையும் தெரியும், வாசமும் சொல்லும். ஒரு விஷயம் மறக்காதீர்கள். தணலை மேன்ஹோலுக்குள் வைக்கவே கூடாது. உள்ளே வாயு நிற்கும், முகத்தில் வெடிக்கும். தணலைத் தூரமாக ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, ஒரு பழைய ஹோஸ் வழியாகச் சின்ன புளோயரால் புகையை மட்டும் தள்ள வேண்டும். மேன்ஹோல் வாயை ஈரச் சாக்கால் மூடிவிட வேண்டும்.

சனிக்கிழமை காலையில் இதையெல்லாம் பின்பக்கம் பரப்பி வைத்தேன். தணல் பிடித்துச் சாம்பிராணியைத் தூவி, புளோயரை ஓட விட்டதும், லோங்காங் மேல் போட்ட பலகையைத் தாண்டிக்கொண்டு தலைவர் முத்தையா வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"என்னக்கா இது. சாமிக்குப் போடுறதப் போயி சாக்கடைக்குப் போடுறீங்க?"

"சாக்கடைக்கு இல்ல தலைவரே, ஒங்க வேலுச்சாமிக்குத்தான் போடுறேன். உள்ள வந்து பாருங்க."

அவர் தயங்கினார். மாதக்கணக்காக அந்த வீட்டு வாசல்படி மிதிக்காத மனிதர். பந்தல் போட்டவன் படுக்கையில் விழுந்ததும் தலைவருக்கு வழி மறந்துவிட்டது. அதையும் வாய்விட்டே சொன்னேன். முகம் கறுத்துப்போய் என் பின்னால் வந்தார்.

உள்ளே கவிதா வந்திருந்தாள். அப்பாவின் துணிகளை அடுக்கிய பை வாசலருகில் இருந்தது. அவள் மூக்கைப் பொத்தியிருந்த கையை மெல்ல எடுத்தாள். பாத்ரூம் தரை ஓட்டையிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்து கட்டில் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. வீடே கோயில் மாதிரி மணத்தது.

"எங்க கொளுத்துனீங்க?" என்றாள் கவிதா.

"வெளிய, மேன்ஹோல்ல புகைய விட்டேன். எந்த வழியா இந்த வாசம் வருதோ அந்த வழியாத்தாம்மா நாத்தமும் வந்துச்சு. ஒங்கப்பாகிட்டேருந்து வரல."

முத்தையா புகையையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"சரிக்கா, ஒத்துக்குறேன். ஆனா அவரே விரதம் இருந்து அடைச்சது. ஏற்கெனவே ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. தொறந்து, இன்னொரு பக்கமும் இழுத்துக்கிட்டா நீங்க பதில் சொல்வீங்களா?"

சரோஜாவின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறியது. பயந்து கிடக்கிற பொம்பளையிடம் எந்த வார்த்தையைச் சொல்லக்கூடாதோ அதைச் சொல்லிவிட்டார் மனுசன்.

"ஆத்தாளுக்கு நாத்தம் வந்தா மூக்கப் பொத்திக்கத் தெரியும் தலைவரே," என்றேன். "இங்க கெடக்குறவருக்கு எந்திரிச்சுத் தள்ளிப் போகக் கூட முடியல. ஒங்க ஆத்தா இதப் பாத்துக்கிட்டு சந்தோசமாவா இருப்பா? இருந்தா எனக்கு அந்த ஆத்தா வேணாம்லா."

நான் சொன்னதற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை. அம்மனும் என்னை ஒன்றும் செய்யவில்லை, முட்டி அதற்கு முன்னாலேயே போய்விட்டது.

ஆனாலும் ஒன்று உறைத்தது. நேர்த்தி அவருடையது. தலைவர் பேசுகிறார், நான் பேசுகிறேன், மகள் முடிவு எடுக்கிறாள். அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்தேன்.

"அண்ணே, காத்துக் குழாய நீங்க அடைச்சீங்க. அதனாலதான் வீடு நாறுது. தொறக்கணும்னு நான் சொல்றேன், கூடாதுன்னு தலைவரு சொல்றாரு. நீங்க சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பாத்ரூம் வாசலில் இன்னும் மிதந்துகொண்டிருந்த புகையைப் பார்த்தார். வாய் கோணிக்கொண்டு திணறியது. சரோஜா குனிந்து, வேண்டாம், சிரமப்படாதீர்கள் என்றாள். அவர் இடது கையால் அவளை விலக்கினார்.

"தொ… தொற."

5. ஏணி

இன்னும் இரண்டு நாள் பொறுங்கள், தேர் போகட்டும் என்று முத்தையா பின்னாலேயே வந்தார். நான் காது கொடுக்கவில்லை. ஏணியைச் சாய்த்து ஏறினேன். முட்டி ஒவ்வொரு படிக்கும் ஏசியது. பாதி ஏறியபோது ஏணி ஆடாமல் நின்றதைக் கவனித்துக் கீழே பார்த்தேன். தலைவர் இரண்டு கையாலும் ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் விழுந்து தொலைத்தால் அந்தப் பழியும் கோயில் மேல்தான் வரும் என்று முணுமுணுத்தார்.

மூடிக்குக் கீழே ரம்பம் போட்டு அறுத்தேன். அடைபட்டிருந்த காற்று புஸ்ஸென்று முகத்தில் அடித்தது. அறுத்த வாயில் சாக்கெட் போட்டு, கூரைக்கு மேலே போகிற அளவுக்குப் புதுக் குழாய் இணைத்து, உச்சியில் வலை போட்ட தொப்பி வைத்தேன். அந்த உயரத்தில் வாடை கோயிலுக்கும் இறங்காது, யார் வீட்டுக்கும் இறங்காது. முதலிலேயே அந்தக் காண்டிராக்டர் இதைச் செய்திருந்தால் அம்மனுக்கும் குறை வந்திருக்காது.

"கோயிலப் பாத்துக்கிட்டு நிக்குதேக்கா," என்றார் தலைவர் கீழேயிருந்து.

"வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது. நீங்க ஏணியப் புடிங்க."

இறங்கி வந்து டிராப்பில் தண்ணீர் ஊற்றினேன். கவிதாவைக் கூப்பிட்டு டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி ஃப்ளஷ் செய்தேன். தண்ணீர் லேசாக நடுங்கியது, அப்படியே நின்றது. அவளே இன்னொரு தடவை ஃப்ளஷ் செய்து பார்த்தாள். அப்போதும் நின்றது. மஞ்சள் பூசிய அந்த மூடியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. லோங்காங்கில் போடலாம் என்றேன். சரோஜா என் கையில் ஓர் அடி போட்டு அதைப் பிடுங்கிச் சாமி படத்தடியில் வைத்தாள். அது அவள் இஷ்டம்.

மத்தியானம் ஆனதும் சோறு பிசைந்து கொண்டுவந்தாள். இரண்டு கரண்டி ஊட்டிவிட்டு, வழக்கம் போலத் தட்டைக் கீழே வைக்கப் போனாள். வேலுச்சாமி அண்ணன் வாயைத் திறந்தபடியே இருந்தார். அவள் மூன்றாவது கரண்டி கொடுத்தாள். நான்காவதும் வாங்கிக்கொண்டார். கவிதா எழுந்து பக்கத்தில் வந்தாள். அவர் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மென்றதை விழுங்கிவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்தார்.

"நாத்தம்… நான் இல்ல."

சரோஜாவின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. "சாப்பிடுறதாலதான் நாறுதுன்னு நெனச்சா இத்தன நாளா பட்டினி கெடந்தீங்க?" என்றாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். ஆமாம் என்று அர்த்தம். கவிதா அந்தக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து, அப்பாவின் கையில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். முத்தையா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். சாயங்காலம் நான் கிளம்பும்போது வாசலில் இருந்த பையைக் காணவில்லை. துணிகள் பழையபடி அலமாரிக்குள் போயிருந்தன.

பிள்ளைகளே, ஒரு வீட்டில் நாற்றம் என்றால் ஆளை முகர்ந்து பார்க்காதீர்கள். குழாயை முகர்ந்து பாருங்கள். அடைத்துக் கொடு என்று யார் கெஞ்சினாலும், திறக்காதே என்று எந்தத் தலைவர் மிரட்டினாலும், காற்றுக்கு வழி விடாமல் அந்த வீட்டை விட்டு வராதீர்கள். ஒரு மனுசன் தன்னையே சாக்கடை என்று நினைத்துக்கொண்டு சோற்றை மறுத்துக் கிடந்ததைப் பார்த்தவள் சொல்கிறேன்.

அந்தக் குழாய் இன்றைக்கும் திறந்துதான் நிற்கிறது. யாராவது அடைக்க வந்தால் சரோஜா எனக்குப் போன் செய்வாள். ஏணி இன்னும் காடியின் மேலேதான் கட்டியிருக்கிறது.